வீட்டிலும் நாட்டிலும் ஜான் வில்க்ஸ்



நாட்டு மக்களின் உரிமைக்காகப் போராடியவர் என்று ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டவுடனே, அவர் இல்லறத்தைச் செம்மையாக நடத்தியவராகவும், பொதுப்பணத்தில் ஒரு காசையும் தீண்டாதவராகவும், எவரையும் இழித்துப் பேசாதவராகவும் இருந்திருப்பார் என்று நம் மனம் தானாகவே முடிவு செய்துகொள்கிறது. நம் நாட்டு விடுதலைப் போரின் தலைவர்கள் பலர் அவ்வாறே வாழ்ந்து காட்டியமையால் அந்த எண்ணம் நம்மிடம் வேரூன்றி நிற்கிறது. அந்த அளவுகோலில் அரை முழங்கூடத் தேறாத ஒருவரைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன். அவர் பெயர் ஜான் வில்க்ஸ். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரும் பரபரப்பை விளைவித்த அரசியல்வாதி அவர். இன்று குடியாட்சி நாடுகள் பலவற்றில் மக்கள் இயல்பாகத் துய்க்கும் உரிமைகள் சில, அவருடைய வழக்குகளின் வாயிலாகவே உறுதி பெற்றன. ஆயினும் அவரைப் போற்றுவதா, தூற்றுவதா என்னும் ஐயம் வரலாற்றாசிரியர்களை இன்றளவும் விட்டபாடில்லை.

வில்க்ஸ் 1725-ஆம் ஆண்டு லண்டன் மாநகரின் கிளார்க்கன்வெல் பகுதியில் பிறந்தார். தந்தையார் இஸ்ரேல் வில்க்ஸ் தானியத்திலிருந்து மது வடிக்கும் தொழிலில் பொருளீட்டியவர். தாயார் சாரா, அரசாங்கத் திருச்சபையைச் சாராத பிராட்டஸ்டண்டுப் பிரிவைச் சேர்ந்த பக்தி மிக்க மாது. பிரபுக்களே அரசாண்ட அக்காலத்தில் இக்குடும்பம் செல்வமுடையதாயினும் குலப்பெருமை உடையதன்று. தம் மகனையேனும் பெரிய மனிதனாக்கிவிட வேண்டும் என்று தந்தை ஆசைப்பட்டார். ஹாலந்து தேசத்து லெய்டன் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பிப் படிக்க வைத்தார். மகன் அங்கே லத்தீனும் கற்றான், களியாட்டமும் கற்றான். இரண்டையும் இறுதிவரை மறக்கவில்லை.

வில்க்ஸ் அழகர் அல்லர். மாறுகண், முன்னே நீண்ட மோவாய், இளமையிலேயே பற்கள் உதிரத் தொடங்கின. ஆனால் அவருடைய நாவன்மைக்கு ஈடு இணை கிடையாது. தம் முகத்தை மறக்கச் செய்ய அரைமணி நேரப் பேச்சே போதும் என்று அவரே பெருமை பேசிக்கொள்வாராம்.

1747-இல் பெற்றோர் அவருக்கு மணம் முடித்து வைத்தனர். மணமகள் மேரி மீட், ஏறக்குறையப் பத்து வயது மூத்தவர். எய்ல்ஸ்பரி என்னும் ஊரில் பெரும் நிலபுலன்களுக்கு உரியவர். அமைதியும் சமயப்பற்றும் உடையவர். ஆரவார விருந்துகளில் திளைக்கும் கணவருக்கும், ஓசையற்ற இல்லத்தை விரும்பும் மனைவிக்கும் எவ்வாறு பொருந்தும்? 1750-இல் அவர்களுக்கு ஒரு பெண்மகவு பிறந்தது. அதற்கும் மேரி என்றே பெயர். வீட்டில் பாலி என்று அழைத்தனர். அக்குழந்தை ஒன்றே அவ்விருவரையும் பிணைத்த கயிறு. அக்கயிற்றாலும் நெடுநாள் கட்டி வைக்க இயலவில்லை. 1757-இல் பிரிவு ஒப்பந்தம் எழுதப்பட்டது. எய்ல்ஸ்பரிச் சொத்தும், மகளை வளர்க்கும் உரிமையும் கணவருக்கு. ஆண்டொன்றுக்கு 200 பவுன் ஜீவனாம்சமும், விரும்பிய இடத்தில் வாழும் உரிமையும் மனைவிக்கு என்பது ஏற்பாடு.

அதே 1757-இல் வில்க்ஸ் எய்ல்ஸ்பரித் தொகுதியிலிருந்து காமன்ஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். உரிமைப் போராட்டத்தால் அன்று, பணத்தால்! ஏறத்தாழ 7,000 பவுன் செலவிட்டதாகச் சொல்வர். சில நூறு பேரே வாக்குரிமை பெற்றிருந்த சிற்றூர்களில் வாக்கு விலைப்பொருளாக இருந்த காலம் அது. தேர்தல் கடன் கழுத்தை நெரித்தது. அந்நெருக்கடியில் அவர் செய்த செயல் ஒன்று நம் கதையின் திறவுகோலாக அமைந்திருப்பதால் அதனைச் சற்று விரிவாகக் கூறுகிறேன்.

மனைவிக்குத் தாம் எழுதிக்கொடுத்த 200 பவுனையும் திரும்பப் பெற்றுவிட அவர் எண்ணினார். மனைவி இணங்கவில்லை. அப்போது வில்க்ஸ் ஆட்கொணர்வு ஆணையை, அதாவது ஹேபியஸ் கார்ப்பஸ் என்று வழங்கும் உரிமை ஆணையை நாடினார். சட்டத்திற்குப் புறம்பாக அடைத்து வைக்கப்பட்ட ஒருவரை நீதிபதியின் முன் கொண்டுவந்து நிறுத்தச் செய்து, விடுதலைக்கு வழிவகுக்கும் ஆணை அது. ஆங்கிலேயர் தம் சுதந்திரத்தின் கோட்டை என்று போற்றுவது. தாய் வீட்டில் தன் விருப்பத்தோடு வாழ்ந்த மனைவியைத் தம் வீட்டிற்கு இழுத்து வரும் சூழ்ச்சிக்கு வில்க்ஸ் அதனைக் கருவியாக்கினார். வேலியைப் பிடுங்கிப் பயிரை அடித்தது போன்ற செயல் இது.

1758-இல் வழக்கு மன்னர் பெருமன்றத்தின் முன் வந்தது. பிரதம நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு. பிரிந்து வாழ உடன்பட்டுக் கணவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகவே மனைவியைக் கைப்பற்றும் உரிமையை அவரே துறந்துவிட்டார். இம்மாது விரும்பிய இடத்திற்கு விரும்பியவாறு செல்லலாம் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. மணமான பெண்ணுக்குத் தனக்கெனச் சொத்தும், சட்டத்தின் முன் தனி ஆளுமையும் பெரும்பாலும் இல்லாதிருந்த காலத்தில் வழங்கப்பட்ட தீர்ப்பு இது. மேரி தலைநிமிர்ந்து தாய் வீடு சென்றார். பொதுவாழ்வில் அடியெடுத்து வைத்த வில்க்ஸ், தனிமனித சுதந்திரம் பற்றிய முதல் பாடத்தைத் தோற்ற தரப்பிலிருந்தே கற்றுக்கொண்டார்.

இனி அரசியலுக்கு வருவோம். 1760-இல் மூன்றாம் ஜார்ஜ் அரியணை ஏறினார். தமக்கு ஆசிரியராகவும் அந்தரங்கத் துணைவராகவும் இருந்த பியூட் பிரபுவை 1762-இல் முதன்மை மந்திரியாக்கினார். பியூட் ஸ்காத்லாந்துக்காரர். அவருடைய ஆட்சியை ஆதரிப்பதற்கு ‘பிரிட்டன்’ என்னும் பத்திரிகையை நடத்தியவர் நாவலாசிரியர் ஸ்மாலெட், அவரும் ஸ்காத்லாந்துக்காரர். இதற்கு எதிராக வில்க்ஸ், கவிஞர் சார்லஸ் சர்ச்சிலின் துணையோடு 1762 ஜூனில் ‘வட பிரிட்டன்’ என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். வட பிரிட்டன் என்பது ஸ்காத்லாந்தைக் குறிப்பது. பத்திரிகையின் பெயரே கேலி.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். இங்கிலாந்தும் ஸ்காத்லாந்தும் 1707-இல் ஒரே நாடாக இணைந்த பிறகு, ஸ்காத்லாந்திலிருந்து மருத்துவர், எழுத்தாளர், வழக்கறிஞர், கணக்கர் எனப் பலர் பிழைப்பு நாடி லண்டன் வந்தனர். சட்டப்படி அவர்கள் அயலார் அல்லர். ஒரே முடியின் குடிகள். ஆனால் லண்டன் தெருவோ அவர்களை அயலாராகவே பார்த்தது. பசித்த வயிற்றோடு வந்து நம்முடைய வேலைகளைப் பறிக்கிறார்கள், ஒருவருக்கு ஒருவர் கைதூக்கி விட்டுக்கொள்கிறார்கள், அவர்கள் பேசும் பேச்சே விளங்கவில்லை என்றெல்லாம் எழுந்த முணுமுணுப்பைத் தம் பத்திரிகையில் வாரந்தோறும் எண்ணெய் ஊற்றி வளர்த்தார் வில்க்ஸ். 1762 டிசம்பரில் லண்டன் நாடகக் கொட்டகை ஒன்றினுள் நுழைந்த ஸ்காத்லாந்துப் படை அதிகாரிகள் இருவரைக் கூட்டத்தினர் கூவி இழிவுபடுத்தியதை, அங்கிருந்த இளைஞர் பாஸ்வெல் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவரும் ஸ்காத்லாந்துக்காரர், அவருடைய இரத்தம் கொதித்தது. சொந்த நாட்டிற்குள்ளேயே வேறு மொழி வழங்கும் மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு அக்கொதிப்பைப் பற்றி எவரும் விளக்க வேண்டுவதில்லை. மந்திரியை எதிர்ப்பது வேறு. மந்திரி பிறந்த மண்ணில் பிறந்த அனைவரையும் பழிப்பது வேறு. இவ்வேறுபாட்டை வில்க்ஸ் அறியாதவர் அல்லர். அறிந்தே மறந்தார், பத்திரிகை விற்றது.

1763 ஏப்ரல் 23-ஆம் நாள் ‘வட பிரிட்டன்’ 45-ஆம் இதழ் வெளிவந்தது. ஏழாண்டுப் போரை முடித்த பாரிஸ் உடன்படிக்கையைப் புகழ்ந்து அரசர் பார்லிமெண்டில் ஆற்றிய உரையை அவ்விதழ் கடுமையாகத் தாக்கியது. உரை அரசருடையதாயினும் அது மந்திரிகள் எழுதிக்கொடுத்ததே என்று கூறித் தாக்கியமை வில்க்ஸின் தந்திரம். அரசர் சினந்தார். மந்திரி ஹாலிபாக்ஸ் பிரபு ஒரு பொது வாரண்டு பிறப்பித்தார். அந்த வாரண்டில் எவருடைய பெயரும் இல்லை. அவ்விதழை எழுதியோர், அச்சிட்டோர், வெளியிட்டோர் யாவரையும் பிடித்து, அவர்களுடைய காகிதங்களையும் கைப்பற்றுக என்பதே கட்டளை. எவர் வீட்டுக் கதவை வேண்டுமாயினும் தட்டலாம். எவரை வேண்டுமாயினும் பிடிக்கலாம். இவ்வாறு 49 பேர் பிடிபட்டனர். அவர்களுள் பலர் அச்சுக்கூடத் தொழிலாளர்.

ஏப்ரல் 30-ஆம் நாள் வில்க்ஸும் பிடிபட்டார். அவர் வீட்டு இழுப்பறைகள் உடைக்கப்பட்டன. காகிதங்கள் மூட்டை கட்டி எடுத்துச் செல்லப்பட்டன. அவர் லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். இப்போது அவருக்கு நினைவு வந்தது எது? ஐந்து ஆண்டுகளுக்கு முன் மனைவியின் மீது ஏவிய அதே ஆட்கொணர்வு ஆணை! அவருடைய நண்பர்கள் அதனை வேண்டினர். மே 6-ஆம் நாள் நீதிபதி பிராட், பார்லிமெண்டு உறுப்பினருக்குரிய சலுகையைக் காட்டி அவரை விடுவித்தார். தம்முடைய வழக்கு, பிரபுக்களுடைய சுதந்திரத்தைப் பற்றியது மட்டுமன்று, நடுத்தர மக்களும் எளிய மக்களுமே அதில் பெரிதும் அக்கறை கொண்டவர்கள் என்னும் பொருள்படப் பேசினார் வில்க்ஸ். வெளியே கூடியிருந்த மக்கள் ‘வில்க்ஸும் விடுதலையும்’ என்று முழங்கினர். இரண்டு சொற்களும் அன்று முதல் ஒன்றாகவே ஒலித்தன.

அதன்பின் நிகழ்ந்தவையே மிகவும் முக்கியமானவை. பிடிபட்ட அச்சுத் தொழிலாளர்கள் அரசாங்க ஊழியர்மீது நஷ்டஈடு கோரி வழக்குத் தொடுத்தனர். ஹக்கிள் என்னும் தொழிலாளி வாரம் ஒரு கினி, அதாவது ஒரு பவுனுக்குச் சற்று மேற்பட்ட கூலி வாங்குபவர். அவரைக் காவலில் வைத்திருந்தது ஆறு மணி நேரந்தான். அந்நேரத்தில் நல்ல உணவும் கொடுத்திருந்தனர். ஆயினும் ஜூரிகள் அவருக்கு 300 பவுன் அளித்தனர். ஏறத்தாழ ஆறு ஆண்டுக் கூலி! வயிற்றுக்குக் கிடைத்த உணவு, கதவை உடைத்த குற்றத்திற்கு ஈடாகாது என்பதை அந்த ஜூரிகள் உணர்ந்திருந்தனர். 1763 டிசம்பரில் வில்க்ஸுக்கு 1,000 பவுனும், பின்னர் 1769-இல் ஹாலிபாக்ஸ் பிரபுவிடமிருந்தே 4,000 பவுனும் தீர்ப்பாயின. 1765-இல் நீதிமன்றங்களும், 1766-இல் காமன்ஸ் சபையும் பொது வாரண்டைக் கண்டித்தன. பெயர் குறிப்பிடாமல் எவரையும் பிடிக்கும் பழக்கம் ஒழிந்தது. கடல் கடந்து அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தத்திலும் இவ்வழக்குகளின் எதிரொலியைக் கேட்கலாம்.

ஆனால் மந்திரிகள் சும்மா இருக்கவில்லை. வில்க்ஸ் தம் நண்பர்களுக்காகச் சில பிரதிகளே அச்சிடுவித்திருந்த ஓர் ஆபாசப் பாடலின் தாள்களை அச்சுக்கூடத்தார் வழியாகக் கைப்பற்றி, 1763 நவம்பரில் பிரபுக்கள் சபையில் உரக்கப் படித்துக் காட்டினர். படித்தவர் சாண்ட்விச் பிரபு. வில்க்ஸோடு சேர்ந்து களியாடிய பழைய கூட்டாளி! சாத்தான் வேதம் ஓதியது கண்டு ஊரே நகைத்தது. மறுநாளே சாமுவேல் மார்ட்டின் என்னும் உறுப்பினரோடு நிகழ்ந்த துப்பாக்கிச் சண்டையில் வில்க்ஸ் வயிற்றில் குண்டு பாய்ந்து படுத்தார். காயம் முற்றும் ஆறுமுன், டிசம்பர் இறுதியில் அவர் பாரிஸ் நகருக்குத் தப்பிச் சென்றார். அங்கேதான் பாலி படித்துக்கொண்டிருந்தாள். 1764 ஜனவரியில் காமன்ஸ் சபை அவரை நீக்கியது. நீதிமன்றம் அவர் இல்லாமலே குற்றவாளி எனத் தீர்த்தது. அவர் வராமையால் அவ்வாண்டு நவம்பரில் சட்டத்தின் பாதுகாப்பே அற்றவராக அறிவிக்கப்பட்டார்.

நான்காண்டு அயல்நாட்டு வாழ்விற்குப் பிறகு, கடன்காரர்களின் தொல்லை தாங்காமல், 1768-இல் இங்கிலாந்து திரும்பினார். திரும்பியவர் ஒளிந்துகொள்ளவில்லை, தேர்தலில் நின்றார்! லண்டன் நகரில் தோற்று, மிடில்செக்ஸ் தொகுதியில் 1,292 வாக்குகளோடு முதல்வராக வந்தார். பிறகு தாமே நீதிமன்றத்தில் சரணடைந்தார்.

அவ்வழக்கை விசாரித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அவருடைய மனைவிக்கு விடுதலை வழங்கிய அதே மான்ஸ்பீல்டு பிரபு. அவரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அவரும் ஸ்காத்லாந்துக்காரர். வில்லியம் மர்ரே என்னும் பெயருடைய பதின்மூன்று வயதுச் சிறுவனாக 1718-இல் குதிரை ஏறி லண்டனுக்குப் படிக்க வந்தவர். எந்த மக்களை ‘வட பிரிட்டன்’ வாரந்தோறும் எள்ளி நகையாடியதோ, அம்மக்களுள் ஒருவர். வெளியே வில்க்ஸின் ஆதரவாளர்கள் அந்நீதிபதியை அச்சுறுத்தி ஆர்ப்பரித்தனர்; உள்ளே அரசாங்கம் வில்க்ஸின் தண்டனையை எதிர்நோக்கியது. மத்தளத்திற்கு இரு பக்கமும் இடி. மான்ஸ்பீல்டு இரு பக்கத்தையும் பொருட்படுத்தவில்லை. மிரட்டலுக்கு அஞ்சி ஓர் எழுத்தும் மாற்றமாட்டேன் என்று அறிவித்துவிட்டு, சட்டப் பாதுகாப்பை நீக்கிய ஆணையில், நீதிமன்றத்தைக் குறிப்பிட்ட சொற்களில் பிழை இருப்பதைக் கண்டு, அவ்வாணை செல்லாதென 1768 ஜூனில் தள்ளினார். அதே மன்றமே பின்னர், பத்திரிகைக் குற்றத்திற்கும் ஆபாசப் பாடலுக்கும் சேர்த்து 22 மாதச் சிறையும் 1,000 பவுன் அபராதமும் விதித்தது. தன் இனத்தைப் பழித்தவன் என்பதற்காகத் தண்டனையைக் கூட்டவில்லை. கூட்டம் கூவியதற்காகக் குறைக்கவுமில்லை.

வில்க்ஸ் சிறையில் இருந்தபோது, 1768 மே 10-ஆம் நாள், சிறைக்கு எதிரே செயிண்ட் ஜார்ஜ் திடலில் கூடிய மக்கள்மீது படையினர் சுட்டனர். பலர் மாண்டனர். அவர்களுள் ஒருவர், கூட்டத்தில் சேராத வில்லியம் ஆலன் என்னும் இளைஞர். இதுபற்றி மந்திரி ஒருவரைக் குறைகூறி வில்க்ஸ் எழுதியமை காமன்ஸ் சபையை மேலும் கொதிக்கச் செய்தது. 1769 பிப்ரவரி 3-இல் 219-க்கு 137 வாக்குகளால் அவரை நீக்கினர். மிடில்செக்ஸ் வாக்காளர் அம்மாதமே அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தனர். சபை, அவருக்குத் தகுதியில்லை என்றது. மார்ச்சில் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். சபை மீண்டும் செல்லாதென்றது. ஏப்ரலில் லட்ரெல் என்பவரை அரசாங்கத்தார் எதிர்த்து நிறுத்தினர். வில்க்ஸுக்கு 1,143 வாக்கு, லட்ரெலுக்கு 296. சபை என்ன செய்தது தெரியுமா? 296 பெற்றவரே உறுப்பினர் என்று தீர்மானித்து இருக்கையில் அமர்த்தியது!

இந்த இடத்தில்தான் வில்க்ஸின் வழக்கு, வில்க்ஸ் என்னும் மனிதரைக் கடந்து நிற்கிறது. அவர் கடனாளி, மனைவியை வருத்தியவர், எய்ல்ஸ்பரியில் அநாதைக் குழந்தைகள் இல்லத்தின் பொருளாளராக இருந்து அப்பணத்திற்குச் சரியான கணக்குக் காட்டாதவர். இவையெல்லாம் உண்மை. ஆயின் மிடில்செக்ஸ் வாக்காளர் செய்த குற்றம் யாது? தம் பிரதிநிதி யார் என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுடையதா, சபையினுடையதா? பிரதிநிதி பொல்லாதவர் என்று காட்டி வாக்காளரின் உரிமையைப் பறிக்கலாம் என்றால், அடுத்த முறை நல்லவரையே பொல்லாதவர் என்று காட்டுவது எவ்வளவு நேரத்து வேலை? இதனை உணர்ந்தோர் உரிமைச் சாசன ஆதரவாளர் சங்கம் என ஒன்றை அமைத்து, வில்க்ஸின் கடனை அடைக்க நிதி திரட்டினர். அமெரிக்காவின் தென் கரோலினா சட்டசபை 1,500 பவுன் வழங்கத் தீர்மானித்தது.

1770-இல் விடுதலையான வில்க்ஸ் லண்டன் நகராட்சியில் செல்வாக்குப் பெற்றார். காமன்ஸ் சபையில் நிகழும் விவாதங்களைப் பத்திரிகைகளில் வெளியிடுவது அக்காலத்தில் குற்றம். 1771-இல் அவ்வாறு வெளியிட்ட அச்சகத்தார் ஒருவரைப் பிடித்து, நகர நீதிபதியாக இருந்த வில்க்ஸின் முன்னிலையிலேயே நிறுத்தினர். இலண்டன் நகரின் உரிமைக்குப் புறம்பான கைது இது என்று கூறி அவர் அச்சகத்தாரை விடுவித்தார். சபை, லண்டன் மேயரைச் சிறைக்கனுப்பியும் வில்க்ஸைத் தொட அஞ்சியது. தடை ஏட்டில் இருந்தது, நடப்பில் இறந்தது. இன்று பாராளுமன்றத்தில் பேசப்பட்டதை இன்றிரவே வானொலியில் நாம் கேட்கிறோமே, அவ்வழக்கத்தின் வேர்களுள் ஒன்று அங்கே இருக்கிறது.

1774-இல் வில்க்ஸ் லண்டன் மேயரானார். மனைவி இருக்க வேண்டிய மேயர் பத்தினியின் இடத்தில் மகள் பாலி அமர்ந்து விருந்தினரை வரவேற்றாள். அவ்வாண்டே மிடில்செக்ஸ் தொகுதியிலிருந்து பார்லிமெண்டிலும் தடையின்றி இடம்பெற்றார். அமெரிக்கப் போரை எதிர்த்தார். 1776-இல், எளிய தொழிலாளிக்கும் உழவனுக்கும் வாக்குரிமையில் பங்கு வேண்டும் என்று சபையில் முதன்முதலாகக் கேட்டார், சபை புறக்கணித்தது. தம்மை நீக்கிய பழைய தீர்மானத்தை ஏட்டிலிருந்தே அழிக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் மன்றாடினார். 1782 மே 3-ஆம் நாள் 115-க்கு 47 வாக்குகளால் அது அழிக்கப்பட்டது. வாக்காளர் உரிமைக்கு மாறானது என்று சபையே ஒப்புக்கொண்டது.

பிற்காலத்தில் அவருடைய வேகம் தணிந்தது. 1780-இல் கத்தோலிக்கருக்கு எதிராக மூண்ட கலகத்தில், இங்கிலாந்து பாங்கியைக் காக்கும் படையோடு அவர் நின்றார். ஒருகாலத்தில் அவர் பெயரை முழங்கிய தெருவை நோக்கியே துப்பாக்கி திரும்பியது. மக்கள் ஆதரவு குறைந்தது. 1790-இல் தேர்தலிலிருந்து விலகினார். தாம் ஒருநாளும் வில்க்ஸ் கட்சிக்காரராக இருந்ததில்லை என்று அவரே வேடிக்கையாகக் கூறியதுண்டு.

இனி அக்குடும்பத்தின் எஞ்சிய கதை. கணவராகத் தோற்ற வில்க்ஸ் தந்தையாக வென்றார். எங்கே இருந்தாலும் மகளுக்குக் கடிதம் எழுதினார். படிப்பு, உடல்நலம், நகரச் செய்தி, தோட்டத்துப் பழம் என எல்லாவற்றையும் எழுதினார். 1774 முதல் 1796 வரை எழுதியவை 1804-இல் நான்கு தொகுதிகளாக அச்சேறின. மேடையில் நஞ்சு கக்கிய அதே பேனா, மகளிடம் தேனாக ஒழுகியது. பாலி மணம் செய்துகொள்ளவில்லை. தாயையும் கைவிடவில்லை, 1784-இல் தாயார் இறக்கும்வரை இரு வீடுகளுக்கும் உரியவளாகவே இருந்தாள்.

மணவாழ்விற்குப் புறம்பே வில்க்ஸுக்கு வேறு இரு மக்களும் இருந்தனர். வீட்டுப் பணிப்பெண் வயிற்றில் பிறந்த மகனை ஊரார்முன் மருமகன் என்று சொல்லி வளர்த்தார்; அம்மகன் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து நம் நாட்டிற்கே வந்தான். விடுதலை முழக்கத்தின் வீட்டிலிருந்து அடிமைப்படுத்தும் படைக்கு ஒருவன்! ஹேரியட் என்னும் மகளை மணந்த வில்லியம் ரஃப் என்னும் வழக்கறிஞர், அவள் மறைவுக்குப் பின் இலங்கையில் நீதிபதியாகி, 1836-இல் பிரதம நீதிபதியாக உயர்ந்து, 1838-இல் நுவரெலியாவில் காலமானார். தமையன் இஸ்ரேல் நியூயார்க்கில் குடியேறினார். அவருடைய பேரனும் கடலாய்வாளருமான சார்லஸ் வில்க்ஸின் பெயரைத் தென்துருவப் பகுதியின் ஒரு நிலப்பரப்பு இன்றும் தாங்குகிறது. பிறர் குடிபெயர்ந்து வந்ததைப் பழித்தவரின் குடும்பம், உலகின் நான்கு திசைகளிலும் குடிபெயர்ந்து பரவியது.

1797 டிசம்பர் 26-ஆம் நாள் வில்க்ஸ் லண்டனில் காலமானார். உயிலில் தாராளமாகத் தானங்கள் எழுதியிருந்தார்; கொடுக்கத்தான் பணம் இல்லை. சுதந்திரத்தின் நண்பர் என்று பொறிக்கப்பட்ட எளிய கல் ஒன்று அவர் நினைவைத் தாங்குகிறது. பாலி 1802-இல் மறைந்தாள்.

அவருடைய வழக்கு மறையவில்லை. 1969-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரைச் சபை ஏற்க மறுத்த வழக்கில் வில்க்ஸின் வரலாற்றை எடுத்தாண்டே தீர்ப்பளித்தது. நம் உச்சநீதிமன்றம் 2007-இல், உறுப்பினரை நீக்கும் அதிகாரம் பாராளுமன்றத்திற்கு உண்டு, ஆனால் அது நீதிமன்றத்தின் பரிசீலனைக்கு முற்றிலும் அப்பாற்பட்டதன்று என்று தீர்ப்புக் கூறியது. இடம் மாறினும் கேள்வி ஒன்றே.

வில்க்ஸ் நல்லவரா, கெட்டவரா என்று கேட்டால் விடை கூறுவது எனக்கு எளிதன்று. ஆனால் அவருடைய வரலாற்றில் சட்டம் மும்முறை முகம் பாராமல் பேசியது. ஒருமுறை அவருக்கு எதிராக, எளிய மனைவிக்காகப் பேசியது. ஒருமுறை அரசுக்கு எதிராக, ஓர் அச்சுத் தொழிலாளிக்காகப் பேசியது. ஒருமுறை, புலம்பெயர்ந்து வந்த ஒரு நீதிபதியின் வாயிலாக, அவர் குலத்தையே பழித்தவருக்காகப் பேசியது. சொந்த ஊரில் இருப்பவனுக்குச் சுற்றத்தார் உண்டு; தெரிந்த முகங்கள் உண்டு. பிற மண்ணில் வாழ்பவனுக்கு, முகம் பாராத சட்டமே சுற்றம். அதனால் அத்தகைய சட்டத்தை, நமக்குப் பிடித்தவருக்காக மட்டுமன்றி, நமக்குப் பிடிக்காதவருக்காகவும் நாம் காத்தல் வேண்டும்.